குட்டி டேம்தானே மச்சி?

பண்ணை வீடு, பக்கத்துல ஓடை, ஓடைக்குக் குறுக்கே ஒரு கரை... வீக் எண்டு கும்மாளத்துக்கு வேற என்ன வேணும்? ஆனா, தண்ணியில கால் வைக்கிறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வி இருக்கு!

இப்படி ஒரு சனிக்கிழமையைக் கற்பனை பண்ணிக்கங்க. செமஸ்டர் முடிஞ்சாச்சு. விழுப்புரத்துல பஸ் ஏறி காணை தாண்டி, கெடார்ல இறங்குறீங்க. ஃப்ரெண்டோட மாமாவுக்கு அந்தப் பக்கம் தோப்பு இருக்கு. ‘‘மச்சி, மாமா ஓடையில கரை போட்டு டேம் மாதிரி கட்டி வெச்சிருக்காருடா. மீன்கூட விட்டிருக்கார். டயர் ட்யூப் போட்டு மிதக்கலாம்!’’ போதாதா? ஏழு பேர், ஒரு பக்கெட் பிரியாணி, ஒரு ஸ்பீக்கர். கிளம்பியாச்சு.

கரை மேல ஏறி நிக்கிறீங்க. ஒரு பக்கம் தளதளன்னு தண்ணி. இன்னொரு பக்கம் பள்ளத்துல நாலைஞ்சு வீடு, ஒரு மாட்டுக் கொட்டகை, அதுக்கப்புறம் கரும்பு. யாரோ சொல்றாங்க... ‘‘சாத்தனூர் மாதிரி பெருசாவா இருக்கு? குட்டி டேம்தானே மச்சி!’’

அந்த ‘தானே’வைத்தான் இந்த வாரம் கொஞ்சம் உரசிப் பார்க்கப் போறோம்.

தண்ணியோட வெயிட் தெரியுமா?

நூறு மீட்டர் நீளம், நூறு மீட்டர் அகலம், மூணு மீட்டர் ஆழம். கிரிக்கெட் கிரவுண்டைவிடச் சின்னக் குட்டை. இதுல நிக்கிற தண்ணி மூணு கோடி லிட்டர். எடை, முப்பதாயிரம் டன்! பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில அள்ளினா மூவாயிரம் லாரி வேணும். இத்தனையையும் பிடிச்சு நிறுத்தியிருக்கிறது ஒரே ஒரு மண் கரை.

இன்ஜினீயரிங் பசங்களுக்கு இன்னொரு கணக்கு. கரையைத் தண்ணி தள்ளும் விசை, குட்டை எவ்வளவு பரப்புங்கிறதைப் பொறுத்தது இல்லை. எவ்வளவு ஆழம்ங்கிறதைப் பொறுத்தது. மூணு மீட்டர் ஆழத்துல, கரையோட ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் நாலரை டன் விசை தள்ளுது. ஆழத்தை ஆறு மீட்டர் ஆக்கினா விசை ஒன்பது டன் இல்லை, பதினெட்டு டன்! ஆழம் ரெண்டு மடங்கு, தள்ளு நாலு மடங்கு. ‘இன்னும் ரெண்டடி ஏத்திக் கட்டினா டைவ் அடிக்கலாமே’ என்று ஓனர் சாதாரணமாகச் சொல்லும்போது, கரை என்ன சொல்லும்னு யாரும் கேட்கிறதில்லை.

ஏரி சொல்லிக் கொடுத்த பாடம்

நம்ம விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஏரி இல்லாத ஊர் அபூர்வம். உங்க தாத்தாகிட்ட கேட்டுப் பாருங்க. ஏரிக்கு மூணு உறுப்பு என்பார். கரை, மதகு, கலங்கல். கரை தண்ணியைப் பிடிச்சு வெக்கும். மதகு, வேணும்கிறபோது பாசனத்துக்கு விடும். கலங்கல், மிஞ்சினதைத் தானாகவே வெளியே அனுப்பும். கலங்கல் வழியா தண்ணி வழிஞ்சா, ‘ஏரி கோடி போகுது’ என்று ஊரே கிளம்பிப் போய் வேடிக்கை பார்க்கும். சில ஊர்களில் கிடா வெட்டிப் பூஜைகூட உண்டு.

சும்மா சந்தோஷம் மட்டும் இல்லை அது. கோடி போகுதுன்னா கரை தப்பிச்சதுன்னு அர்த்தம். மண் கரைக்கு எமனே, தண்ணி அதோட தலை மேல ஏறி வழியறதுதான். வழியற தண்ணி கரையோட பின்பக்கச் சரிவை அரிக்க ஆரம்பிக்கும். முதல்ல ஒரு விரல் அகலம், அப்புறம் ஒரு முழம், அப்புறம் கரையே இருக்காது. அதனாலதான் கலங்கலோட மட்டம் கரையோட மட்டத்தைவிட நல்லாவே தாழ்வா இருக்கும்.

இன்னொரு எமன், கசிவு. எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தோட வேர் விட்டுட்டுப் போன ஓட்டை... இதுல ஏதாவது ஒண்ணு வழியா தண்ணி உள்ளுக்குள்ள பாதை போட்டுடும். கரையோட அடியில தெளிவா கொஞ்சம் கசிஞ்சா, கவனிச்சுக்கிட்டே இருக்கணும். அதுவே கலங்கலா வந்தா, கரையோட மண்ணையும் சேர்த்து எடுத்துட்டு வருதுன்னு அர்த்தம். அந்தக் காலத்துல மழை ராத்திரியில நீர்க்கட்டி லாந்தர் எடுத்துக்கிட்டு கரையில நடந்தது இதைப் பார்க்கத்தான். ஊர்க்கூடி குடிமராமத்து செஞ்சதும் இதுக்குத்தான்.

ஏரிக்கு ஊரே காவல். தோப்புக்குள்ள ஒருத்தர் ஜாலிக்காகக் கட்டின கரைக்கு யார் காவல்?

மீன் தப்பிக்கக் கூடாதுன்னு...

இந்தக் கேள்வியை அலட்சியம் பண்ணினதுக்கு ரொம்பப் பெரிய விலை கொடுத்த இடம், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் ஜான்ஸ்டவுன்.

அந்த ஊருக்கு மேலே 22 கிலோமீட்டர் தூரத்தில் சவுத் ஃபோர்க் அணை. 72 அடி உயர மண் அணை. படகுக் கால்வாய்க்காக அரசாங்கம் கட்டி, தேவையில்லாமல் போனதும் விற்ற அணை. கை மாறிக் கை மாறி, 1879-ல் அதைப் பணக்காரர்களின் கிளப் ஒன்று வாங்கியது. உறுப்பினர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. இரும்பு உலகின் ராஜா ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி ஃப்ரிக் எல்லாம் அதில் உண்டு. கோடையில் படகு விட, மீன் பிடிக்க, அரட்டை அடிக்க ஓர் ஏரி. அவ்வளவுதான் தேவை.

இப்போ கரை, மதகு, கலங்கல் மூணையும் ஞாபகம் வெச்சுக்கிட்டுப் படிங்க.

மதகு: அணைக்கு அடியில் தண்ணி திறந்து விட இரும்புக் குழாய்கள் இருந்தன. முந்தைய ஓனர் ஒருவர் அதைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். கிளப் திரும்ப வைக்கவே இல்லை. கரை: மேலே குதிரை வண்டிகள் எதிரும் புதிருமாகப் போக அகலம் வேண்டும் என்று கரையின் உச்சியைச் சில அடி வெட்டித் தாழ்த்தினார்கள். கலங்கல்: காசு கொடுத்து வாங்கி விட்ட மீன்கள் வெளியே போய்விடக் கூடாதே என்று கலங்கலின் குறுக்கே கம்பி வலை அடித்தார்கள்.

மூணும் போச்சு. எதுவும் கெட்ட எண்ணத்தில் செய்தது இல்லை. எல்லாமே வசதிக்காக, ஜாலிக்காக! கீழே இருந்த இரும்பு ஆலையின் இன்ஜினீயர் ஒருவர் 1880-லேயே பார்த்துவிட்டு, ‘தண்ணியை இறக்க வழியே இல்லையே’ என்று எச்சரித்தார். உங்களுக்கு ஓர் ஆபத்தும் இல்லை என்று கிளப் பதில் அனுப்பியது.

1889, மே 31. விடிய விடிய மழை. அடித்து வந்த கிளையும் குப்பையும் மீன் வலையில் சிக்கி, கலங்கல் அடைத்துக்கொண்டது. ஆட்கள் ஓடி வந்து கரையை உயர்த்தப் பார்த்தார்கள். பக்கத்தில் புதுக் கால்வாய் வெட்டப் பார்த்தார்கள். முடியவில்லை. தண்ணி கரையின் தலைக்கு மேல் ஏறியது. பிற்பகல் மூன்று மணியை ஒட்டி அணை உடைந்தது. கிட்டத்தட்ட இரண்டு கோடி டன் தண்ணி ஒரு மணி நேரத்தில் ஜான்ஸ்டவுனுக்குள் புகுந்தது. இறந்தவர்கள் 2,209 பேர். முன்கூட்டியே தந்தி போயிருந்தது. ‘வருஷா வருஷம் இதையேதான் சொல்றாங்க’ என்று பெரும்பாலானவர்கள் அசையவில்லை.

வழக்குகள் நடந்தன. கிளப் உறுப்பினர் ஒருவருக்குக்கூட கோர்ட்டில் பொறுப்பு நிரூபிக்கப்படவில்லை.

கேம்பஸுக்கு மேலே ஓர் அணை

‘அது 72 அடி பாஸ்... நாம பேசுறது குட்டி டேம்!’ ஓ.கே. இது உங்களுக்காகவே நடந்த மாதிரி ஒரு கதை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், டொக்கோவா ஃபால்ஸ். அங்கே ஒரு பைபிள் கல்லூரி. கேம்பஸுக்கு மேலே கல்லூரிக்கே சொந்தமான கெல்லி பார்ன்ஸ் அணை. சுமார் 40 அடி உயரம், 400 அடி நீளம். கல்லூரிக்குக் கரன்ட் எடுக்கத்தான் கட்டினார்கள். 1957-ல் அது நின்றுபோக, அதன் பிறகு அந்த ஏரி பொழுதுபோக்குக்கு மட்டும்தான். மாணவர்களுக்குப் பிடித்த இடம்.

1973-ல் கரையின் பின்பக்கச் சரிவில் ஒரு பகுதி சரிந்தது. கசிவும் இருந்தது. யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. இத்தனை வருஷமா நிக்குதே!

1977, நவம்பர் 6. நல்ல மழைக்குப் பிறகு, நடுராத்திரி ஒன்றரை மணி. எல்லாரும் தூங்கும் நேரத்தில் கரை போனது. தண்ணி அருவி வழியாகப் பாய்ந்து, விடுதியையும் ஆசிரியர்கள், மாணவர்கள் குடும்பங்களோடு இருந்த வீடுகளையும் வாரிக்கொண்டு போனது. 39 பேர் இறந்தார்கள். அதில் பாதிக்கு மேல் சின்னப் பிள்ளைகள். அதுக்கப்புறம்தான் அதிபர் ஜிம்மி கார்ட்டர், தனியார் கையில் இருக்கும் ஆபத்தான அணைகளை எல்லாம் பரிசோதிக்க உத்தரவிட்டார். அடுத்த ஆண்டே ஜார்ஜியா மாநிலம் அணைப் பாதுகாப்புச் சட்டம் போட்டது.

இதெல்லாம் பழங்கதைன்னு நினைக்காதீங்க. 2006, மார்ச் மாதம் ஹவாய் மாநிலத்தில் கா லோகோ என்ற தனியார் நிலத்து அணை உடைந்து ஏழு பேர் இறந்தார்கள். விசாரித்தால், கலங்கல் இருக்க வேண்டிய இடத்தில் கலங்கலே இல்லை. மண் போட்டு மூடிவிட்டார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. 2014-ல் நில உரிமையாளருக்கு ஏழு மாதச் சிறை.

நம்ம ஊர் நிலவரம்

இப்போ திரும்ப விழுப்புரம் வருவோம். தென்பெண்ணையில் தளவானூர் தடுப்பணை ஞாபகம் இருக்கா? சுமார் 25 கோடி ரூபாயில் அரசாங்கம் கட்டியது. 2020 செப்டம்பரில் திறந்தார்கள். 2021 ஜனவரியிலேயே ஒரு பக்கச் சுவரும் ஷட்டர்களும் உடைந்தன. அதே வருஷம் நவம்பர் வெள்ளத்தில் மறுபக்கமும் சேதம். கடைசியில் வெள்ளம் கரையை அரிக்காமல் இருக்க, அதிகாரிகளே வெடி வைத்துத் தகர்க்க வேண்டியதானது. இன்ஜினீயர்கள் வரைபடம் போட்டு, டெண்டர் விட்டுக் கட்டினதுக்கே இந்தக் கதி. ஜே.சி.பி-யை ரெண்டு நாள் வாடகைக்கு எடுத்துக் கட்டின கரையை என்ன சொல்ல?

‘எங்க ஓடையில அவ்வளவு தண்ணி வராது’ என்பார் மாமா. 2024-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை! ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 50 சென்டிமீட்டர் பெய்தால், மொத்தத் தண்ணி 50 கோடி லிட்டர். அதில் பாதியை மண் குடித்துவிட்டாலும் மிச்சம் 25 கோடி. மாமாவோட குட்டை கொள்ளும் அளவு மூணு கோடி. மிச்சம் எந்த வழியாப் போகும்? கலங்கல் இருந்தா கலங்கல் வழியா. இல்லாட்டி, அந்த நாலைஞ்சு வீட்டு வழியா.

சட்டம் இல்லையா? இருக்கு. அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021. ஆனா அது 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கு. 10 முதல் 15 மீட்டர் வரை என்றால், 500 மீட்டர் நீளம், பத்து லட்சம் கன மீட்டர் கொள்ளளவு மாதிரி சில நிபந்தனைகளில் ஒண்ணாவது பொருந்தணும். பத்து மீட்டருக்குக் கீழே? அந்தச் சட்டத்துக்கு அது அணையே இல்லை! 39 பேரைக் கொண்டுபோன கெல்லி பார்ன்ஸை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், அதுவும் அநேகமாகப் பட்டியலுக்கு வெளியேதான் நிற்கும். ஆக, குட்டி டேம் என்றால் ஆபத்து குறைவுன்னு அர்த்தம் இல்லை. அதைப் பார்க்க ஆள் குறைவுன்னுதான் அர்த்தம்.

அதுக்காகக் கேட்க நாதியே இல்லைன்னும் நினைக்க வேணாம். ஓடையும் வாய்க்காலும் புறம்போக்கு. பட்டா நிலத்துக்கு நடுவில் ஓடினாலும், அனுமதி இல்லாமல் குறுக்கே கட்ட முடியாது. குற்றாலம் பக்கம் நீரோட்டத்தைத் திருப்பி ரிசார்ட்டுகள் செயற்கை அருவி உண்டாக்குவதாக வழக்கு வந்தபோது, 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆய்வுக் குழு அமைத்து நடவடிக்கைக்கு உத்தரவிட்டது.

லா காலேஜ் நண்பர்களுக்கு ஒரு கொசுறு. 1874-ல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு, மெட்ராஸ் ரயில்வே கம்பெனி எதிர் கார்வேட்டிநகரம் ஜமீன்தார். ஜமீன் ஏரி உடைந்து ரயில்பாதை சேதம். ஜமீன்தார் அலட்சியமாக இருந்தது நிரூபிக்கப்படாததால் அவர் தப்பினார். ஏன்? ஏரி விவசாயத்தின் உயிர். அதைக் காப்பாற்றி வைப்பது அவர் கடமை, மூடிவிட அவருக்கு உரிமையே கிடையாது என்றது கவுன்சில். ட்யூப் போட்டு மிதக்கக் கட்டின குட்டைக்கு அந்த வாதம் எடுபடுமா? கேன்டீன்ல உட்கார்ந்து அடிச்சுக்கங்க!

காலடியில் ஒரு சுழல்

கரை உடைஞ்சாத்தான் ஆபத்துன்னும் இல்லை. தடுப்பணையில் தண்ணி வழியும்போது, ‘செம ஷவர்டா’ன்னு நேரா அடியில போய் நிக்கத் தோணும். மேலே இருந்து விழற தண்ணி அடிவரைக்கும் போய், மேலெழும்பி, திரும்பவும் சுவர் பக்கமே வரும். மாட்டினவரை வெளியே விடாமல் சுத்தி சுத்தி உள்ளேயே இழுக்கும். நுரையில் காத்து கலந்திருக்கிறதால மிதக்கவும் முடியாது. நல்லா நீச்சல் தெரிஞ்சவரும் தோத்துப்போற இடம் அது. காப்பாத்தக் குதிக்கிற ரெண்டாவது ஆளும், மூணாவது ஆளும் போறது இப்படித்தான்.

தண்ணி இல்லாத ஆறும் நம்பிக்கைக்கு உரியது இல்லை. 2014, ஜூன் 8. ஹைதராபாத்தில் இருந்து டூர் வந்த இன்ஜினீயரிங் மாணவர்கள் இமாச்சலில் பியாஸ் ஆற்றின் பாறைகளில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே லார்ஜி அணையில் தண்ணி திறந்துவிட்டார்கள். 24 மாணவர்கள். அவங்களும் உங்களை மாதிரி காலேஜ் பிள்ளைங்கதான்.

போறதுக்கு முன்னாடி... ஒரு நிமிஷ செக்!

* கலங்கல் எங்கே? அதில் வலை, முள், மணல் மூட்டை, மரக்கிளை அடைச்சிருக்கா?

* தண்ணி மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் இடைவெளி எவ்வளவு? ஒரு சாணுன்னா, அங்கே குளியல் வேணாம்.

* கரையோட பின்பக்க அடியில் ஈரம், ஊற்று இருக்கா? கலங்கலா வருதா? புதுசா விரிசல், சரிவு தெரியுதா?

* கரைக்குக் கீழே பள்ளத்தில் டென்ட் போடாதீங்க. ராத்திரி தங்கவே தங்காதீங்க.

* மேலே, தூரத்தில் மழை இருட்டினாலே வெளியே வந்துடுங்க. தண்ணி திடீர்னு கலங்கி, சருகு மிதந்து வந்தா, யோசிக்காம ஓடுங்க.

* மதகுக் குழாய் பக்கமும், வழியற தண்ணியோட அடியிலும் போகாதீங்க.

* ஒருத்தர் மூழ்கினா குதிக்காதீங்க. கயிறு, நீளக் கொம்பு, காலி கேன், ட்யூப்... எதையாவது எறிங்க. தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, எதுவும் ஞாபகம் வரலைன்னா 112.

* கரையில் ஆபத்து தெரிஞ்சா முதல் போன் ஓனருக்கு. ரெண்டாவது வி.ஏ.ஓ-வுக்கு. அதுக்கும் முன்னாடி, கீழே இருக்கிற வீட்டுக் கதவைத் தட்டுங்க!

கடைசியா...

ஜாலியா இருக்க வேணாம்னு யார் சொன்னா? தோப்பு, தண்ணி, தோழர்கள்... இந்த வயசில் இல்லாட்டி எப்போ? நாம சொல்றது இவ்வளவுதான். அந்தக் கரையில் நீங்க இருக்கப்போறது அரை நாள். பள்ளத்தில் இருக்கும் அந்த நாலு வீட்டுக்காரங்க வருஷம் முழுக்க அங்கேதான் தூங்குறாங்க. அவங்க போய் மாமாகிட்ட கேள்வி கேட்க முடியாது. கூலிக்கு வேலை கொடுக்கிறவரே அவர்தானே! ஆனா, நீங்க கேட்கலாம். காலேஜ் படிக்கிற பிள்ளை, வீட்டுக்கு வந்த விருந்தாளி. கோபப்பட மாட்டார்.

அதனால, சனிக்கிழமை கெடார்ல இறங்கி, கரை மேல ஏறி, ட்யூபுக்குக் காத்து அடிக்கிறதுக்கு முன்னாடி மெதுவா கேளுங்க...

‘‘மாமா, மழை ஜாஸ்தியா பெய்ஞ்சா, இது எந்தப் பக்கம் மாமா கோடி போகும்?’’

அவர் கையை நீட்டி ஓர் இடத்தைக் காட்டினா, போய்ப் பார்த்துட்டு வந்து ஆட்டத்தை ஆரம்பிங்க. அவர் தலையைச் சொறிஞ்சா... பிரியாணியைத் தோப்பு நிழல்ல சாப்பிட்டுட்டு, பொழுது சாயறதுக்குள்ள அவரைக் கூட்டிக்கிட்டு கலங்கலுக்கு இடம் பாருங்க!